பெர்னி வடிகட்டிய எண்ணெய்

ஊருக்குள் நுழைவதற்கு முன்னால், தானியக் கிடங்கைத் தாண்டியதும் வருகிற வளைவில், ஹார்லன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வண்டியை ஓரங்கட்டுவான். இறங்கி முன்னும் பின்னும் பார்ப்பான். பானட்டைத் தூக்கி, ஒரு ஊறுகாய் ஜாடியிலிருந்து பழைய எண்ணெயை ஒரு கரண்டி எடுத்து, கொதித்துக்கொண்டிருக்கும் புகைக்குழாயின் மேல் விடுவான். சுர்ரென்று நீலமாகப் புகை கிளம்பும். உருளைக்கிழங்கு பொரித்த வாசம் வண்டியைச் சுற்றிக் கவிந்ததும் பானட்டைச் சாத்திவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, பெர்னியின் கடைக்குப் போவான்.

ஐம்பத்தாறு வயது ஆள் செய்கிற காரியமா இது என்று அவனே கேட்டுக்கொள்வதுண்டு. அடுத்த வெள்ளிக்கிழமையும் செய்வான்.

வண்டி எண்பத்து மூன்றாம் வருடத்து மெர்சிடிஸ் டீசல். கடுகு மஞ்சள் நிறம். பின்பக்கக் கண்ணாடியில் 'இந்த வண்டி சமையல் எண்ணெயில் ஓடுகிறது' என்று அவன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தான். நார்ஸ்டெட் ஊரில் அந்த வண்டியைத் தெரியாதவர்கள் இல்லை. ஹார்லன் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். வண்டி முற்றத்தில் வந்து நின்றாலே நாய்கள் சைலன்சரை முகர்ந்துகொண்டு நிற்கும். அப்போதெல்லாம் அது உண்மையான வாசம்.

டிக்கியில் இரண்டாவது டேங்க் ஒன்றை அவனே பொருத்தியிருந்தான். டீசலில் கிளப்பி, என்ஜின் நன்றாகச் சூடானபின் ஒரு சுவிட்சைத் தட்டினால் டிக்கி எண்ணெய்க்கு மாறும். நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்குத் தட்டி, குழாய்களை அலசிவிட வேண்டும். இந்த ஒழுங்கு தவறாமல் ஆறு வருடம் ஓட்டினான். ஓட்டியதோடு நிற்கவில்லை, பேசினான். பள்ளிக்கூடத்தில் பேசினான், நூலகத்தில் பேசினான், பங்க்கில் டீசல் போட்டுக்கொண்டிருப்பவர்களின் ஜன்னலைத் தட்டிக்கூடப் பேசினான்.

நின்றது போன வருடம் பிப்ரவரியில். பால் உறைகிற குளிரில், என்ஜின் சூடாகும் முன்பே அவசரப்பட்டுச் சுவிட்சைத் தட்டினான். பன்றி நெய் மாதிரி கெட்டியான எண்ணெய் உள்ளே போய் அடைத்துக்கொண்டது. பாலத்துக்குக் கீழே வண்டி நின்றுவிட்டது. விரல் மரத்துப்போய் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, அந்த வாரம் மட்டும் டீசலில் ஓட்டினான். குளிர் போகட்டும் என்று அடுத்த வாரமும் ஓட்டினான். குளிர் போனது. சாவியைத் திருப்பினால் வண்டி போகிறது என்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. பீப்பாய் உருட்ட வேண்டாம், தண்ணீர் கீழே தங்கும்வரை காத்திருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முழங்கை வரை பிசுபிசுப்போடு நிற்க வேண்டாம். முதுகு வலி, வேலை அதிகம் என்று காரணங்கள் சொல்லிக்கொள்ளலாம். சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

ஊருக்குள் இருக்கிற பங்க்குக்குப் போக முடியாது. நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கிற பெரிய பங்க்குக்குப் போய், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு லாரிகளுக்கு நடுவில் வண்டியைச் செருகி நிறுத்தி டீசல் போட்டான். கண்ணாடியில் ஒட்டியிருந்ததை மட்டும் கிழிக்கவில்லை. கிழித்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

அதையும் ஒருநாள் கிழித்திருப்பான். பெர்னி இல்லாமல் இருந்திருந்தால்.

பெர்னடெட் கோல்பாக்கி கணவன் செத்தபின் பாரையும் சமையலறையையும் தனியாக நடத்துகிறவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே அங்கேதான் மீன் சாப்பிடும். கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடாத நோன்பு என்று வருவார்கள், லூத்தரன் சபைக்காரர்கள் பசி என்று வருவார்கள். அவளுடைய ஒரே மகன் ஷேன் இராக்குக்குப் போன வாரம், அவள் ஊர் பங்க்கில் தன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு நின்றாள். ஹார்லன் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான்.

"அந்தக் குழாயைப் பிடிச்சிருக்கிற கையைப் பாரு பெர்னி. உன் பையனை அங்க அனுப்பினது அந்தக் கைதான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். நல்ல வாக்கியம் சொன்னோம் என்ற திருப்திகூட இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவன் மீன் சாப்பிடப் போனபோது, பெர்னி அவனைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு இரண்டு கேன் எண்ணெயைக் காலடியில் வைத்தாள். பழைய தலையணை உறையில் இரண்டு தடவை வடிகட்டியது. ஒரு பொரிந்த மாவுத்துகள்கூட இல்லை. மூடியில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவில் சின்னதாக ஒரு சிலுவை.

"கொண்டுபோய் எரி," என்றாள். "ஒரு கேன் இங்க எரிஞ்சா அங்க ஒரு கேன் வேண்டாமே. அப்படித்தானே நீ சொல்றே?"

அப்படித்தான் சொல்லியிருந்தான். பழைய எண்ணெய் சேகரிக்கிற கம்பெனிக்காரனை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கேன்கள் தயாராக இருந்தன. ஷேன் முதல் தடவை முழுசாகத் திரும்பி வந்தான். இரண்டாவது தடவை இடது கை இல்லாமல் வந்தான். "கை போச்சு, ஆள் வந்துட்டான்," என்றாள் பெர்னி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தவள் மாதிரி. வேண்டுதல் முடிந்த பின்னும் அவள் வடிகட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல ஹார்லனுக்கு வாய் வரவில்லை.

கேன்கள் கொட்டகையில் ஏறின. சுவரோரம் ஒரு வரிசை, அதன்மேல் இன்னொன்று, பிறகு கதவு வரை. கோடை வந்ததும் காறல் நாற்றம் வீட்டுக்குள் புகுந்தது. ராத்திரியில் தின்ன வரும் ரக்கூன்கள் மூடிகளைக் கடித்தன. ஒரு கேன் சாய்ந்து தரையெல்லாம் பரவியதில் ஹார்லன் வழுக்கி விழுந்து, விழுந்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தான். மேலே பார்த்தால் சின்னச் சின்னச் சிலுவைகள்.

அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். மாவட்ட எல்லையோரம் இருக்கிற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் பின்புறம் எண்ணெய்க் கம்பெனி வைத்த இரும்புத் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் தேவாலயத்தில் இருப்பார்கள். கேன்களைக் கொண்டுபோய் அதில் கவிழ்த்துவிட்டு வரலாம். போவதற்கு முன் கொட்டகையில் உட்கார்ந்து, கொண்டுபோகிற ஒவ்வொரு கேனின் நாடாவையும் நகத்தால் உரித்தான். உரித்ததைக் குப்பையில் போட மனம் வராமல், காலி பெயிண்ட் டப்பாவில் போட்டு மூடினான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டான்.

தொட்டியின் மூடி திறந்து கிடக்கிறது. காலடியில் ஏழெட்டுக் கேன்கள். கையில் ஒன்று. ஷெரிஃப் ஆபீஸ் வண்டி சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றது. இறங்கியவன் ரேண்டல். பள்ளிக்கூடத்தில் ஹார்லனுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். கடைக்காரி குளியல் அங்கியோடு படியில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"இவன்தான்! போன வாரமும் இவன்தான்! தொட்டி குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு நான் சொன்னேன்ல, யாராவது கேட்டீங்களா?"

அவன் புண்ணியத்தில் தொட்டி நிரம்பி வழிகிற நிலையில் இருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"ஹார்லன்," என்றான் ரேண்டல்.

"ரேண்டல்."

"கையில என்னப்பா?"

"எண்ணெய்."

"அது தெரியுது. தொட்டி மேல என்ன போட்டிருக்கான்? படி."

திருடினால் தண்டனை என்று போட்டிருந்தது. ஹார்லன் படித்தான்.

"சத்தமா படிக்கச் சொல்லல, விடு. ஏய்யா, இந்த வயசுல ஞாயித்துக்கிழமை காலங்காத்தால அடுத்தவன் எண்ணெயத் திருடுறியே! ஒண்ணு பீர் திருடு, இல்ல ஆடு திருடு. சொன்னா கேக்கிறவனுக்காவது ஒரு மரியாதை இருக்கும்."

நான் எடுக்கவில்லை, ஊற்றினேன் என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் ஊற்றினாய். அந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் ஓடினாலும் பெர்னியின் பின்வாசலில்தான் போய் முடியும். ஹார்லன் கேனைக் கீழே வைத்தான்.

"ஆமா. எடுத்தேன்."

சொன்னதும் உடம்பு லேசானது. திருடன் என்று ஒத்துக்கொண்டதில் இவ்வளவு நிம்மதி கிடைக்கிறதே என்று நினைத்தபோது காது சூடேறியது.

"உனக்குத்தான் பெர்னி வாராவாரம் குடுக்கிறாளே. பத்தலையா?"

"பத்தல," என்றான் ஹார்லன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ரேண்டல் கடைக்காரியிடம் ஏதோ பேசிச் சமாதானம் செய்தான். எடுத்த கேன்களையெல்லாம் திரும்பத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகச் சொன்னான். அவன் பார்த்துக்கொண்டு நிற்க, ஹார்லன் ஒவ்வொன்றாக ஊற்றினான். வந்த வேலை முடிந்தது.

திங்கட்கிழமை காலை காபி ஆறுவதற்குள் கதை நார்ஸ்டெட் முழுக்கப் பரவிவிட்டது. அவன் போன பண்ணைகளில் எல்லாம் சிரித்தார்கள். டெல்பர்ட் என்ற கிழவர் பால் கொட்டகைக்குக் கையைக் கட்டிக்கொண்டே கூட வந்தார்.

"எங்க வீட்டுல வெண்ணெய் இருக்கு, எண்ணி வச்சிருக்கேன்," என்றார். "சும்மா சொல்லி வைக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஷேன் கொட்டகைக்கு வந்தான். சொல்லிவிட்டு வரவில்லை. ஹார்லன் வாசலுக்குப் போவதற்குள் உள்ளே நுழைந்துவிட்டான். கூரை வரை இருந்த கேன்களைப் பார்த்தான். ஒன்றின் நாடாவைத் தன் கொக்கிக் கையின் நுனியால் தொட்டான்.

"இவ்வளவு இருக்கும்னு நினைக்கல," என்றான்.

ஹார்லன் கையைப் பேன்ட்டில் துடைத்தான். "ஷேன், நான் வந்து..."

"எனக்குத் தெரியும் ஹார்லன். நெடுஞ்சாலை பங்க்ல உங்களப் பலமுறை பார்த்துட்டேன். ரெண்டு லாரிக்கு நடுவுல போய் ஒளிஞ்சுக்குவீங்க. மஞ்சள் வண்டி. மைல் தூரத்துக்குத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? நான் அங்க ஓட்டினதே டீசல் டேங்கர்தான். எனக்கு அந்த வாசம் பிடிக்கும். உங்க வண்டி எதைக் குடிச்சா எனக்கென்ன?" ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். "திருடப் போனேன்னு ரேண்டல்கிட்ட சொன்னீங்களாமே. கொட்டத்தானே போனீங்க?"

ஹார்லன் தலையை ஆட்டினான். ஷேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து சிரித்தான். பிறகு நின்றுவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"சொல்லணும்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"ஒரு வருஷத்துக்கு மேல நினைச்சுக்கிட்டே இருக்கீங்க. அப்படியே இன்னும் கொஞ்ச நாள் நினைங்க." வெளியே பார்த்துக்கொண்டு பேசினான். "அம்மா செவ்வாய்க்கிழமைன்னா வடிகட்ட உக்காந்திடும். இப்பவும் அதுதான் நடக்குது. அந்த நேரத்துல மட்டும் என் கையப் பத்திப் பேசாது. வலிக்குதான்னு கேக்காது. ராத்திரி தூங்கினியான்னு கேக்காது. எண்ணெயத்தான் பார்த்துக்கிட்டிருக்கும். அந்த நேரம் எனக்கு வேணும். புரியுதா?"

"புரியுது."

"கொட்டணும்னா தூரமா போய்க் கொட்டுங்க. இந்த மாவட்டத்துல வேண்டாம்."

போகும்போது வாசலில் சாய்ந்து கிடந்த ஒரு கேனைக் காலால் நேராக நிறுத்திவிட்டுப் போனான். இருபத்தாறு வயதுப் பையன் ஹார்லனின் ரகசியத்தை இவ்வளவு நாள் சுமந்திருக்கிறான் என்பது அன்று முழுவதும் அவன் மனதை விட்டுப் போகவில்லை. பயலுக்கு இருந்தது ஒரு கை. அதிலும் ஹார்லனுடைய பொய்.

வெள்ளிக்கிழமை வளைவில் நின்று, பானட்டைத் தூக்கி, வழக்கமான ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றிவிட்டுப் பெர்னியின் கடைக்குப் போனான். கடையின் முன்னாலிருந்த சரளைக்கல் திடலில் வழக்கத்தைவிடக் கூட்டம். மேசை கிடைக்கக் காத்திருப்பவர்கள் என்றுதான் முதலில் நினைத்தான். எல்லோர் கையிலும் ஏதோ இருந்தது. ஊறுகாய் ஜாடி, காபி டப்பா, பால் கேன். அவன் வண்டியைப் பார்த்ததும் கை தட்டினார்கள்.

பெர்னி சமையலறை ஏப்ரனோடு படியில் நின்றாள். ஒலிபெருக்கி வேண்டாத குரல் அவளுக்கு.

"வந்துட்டாரு திருடரு! எல்லாரும் பர்ஸைப் பத்திரமா வச்சுக்கோங்க!"

சிரிப்பு. ஹார்லன் இறங்கினான்.

"பத்தலைன்னா என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றாள். "வாய் இல்லையா உனக்கு? ஊர் முழுக்கப் பேசினவன்தானே நீ? எங்கயோ போய் அடுத்தவன் தொட்டியில கைய விட்டுக்கிட்டு... நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்? வெக்கமா இல்ல?"

"இருக்கு பெர்னி."

"இருக்கட்டும். லவோன், நீ முதல்ல குடு."

லவோன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவள், எண்பதை நெருங்குகிறவள். காபி டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள். "பேக்கன் கொழுப்பு," என்றாள். "ஜனவரியிலேர்ந்து சேர்த்தது. பறவைக்கு வைப்பேன். இந்த வருஷம் பறவைக அது இல்லாம இருந்துக்கும்."

பன்றிக் கொழுப்பு வண்டிக்கு ஆகாது, உள்ளே போனால் மெழுகு மாதிரி உறைந்துவிடும் என்று அவளுக்கே ஒருமுறை நூலகத்தில் பாடம் எடுத்திருந்தான். இப்போது, "ரொம்ப நன்றி லவோன்," என்று வாங்கிக்கொண்டான். டெல்பர்ட் வான்கோழி பொரித்த எண்ணெயைப் பெரிய கேனில் கொண்டுவந்திருந்தார். "போன நவம்பர் சரக்கு. நல்லா ஊறியிருக்கும்," என்றார். ரேண்டல்கூடச் சீருடையோடு ஒரு ஜாடி வைத்திருந்தான். "என் பொண்டாட்டி குடுத்தா. பதிலுக்கு ஜாடிய மட்டும் திருப்பிக் குடுத்திடணுமாம்."

"டிக்கியத் திற," என்றாள் பெர்னி. தோளில் ஒரு கேன். ஷேன் இன்னொன்றோடு பின்னால் வந்தான். ஹார்லனைப் பார்த்து, நான் சொல்லவில்லை என்று கண்ணால் காட்டினான். "இன்னைக்கு முதல் கேன நானே ஊத்துறேன்," என்றாள் பெர்னி. "மூணு வருஷமா குடுக்கிறேன், ஒருநாளாவது ஊத்திப் பார்த்திருக்கேனா?"

"வீட்டுல போய் ஊத்திக்கிறேன் பெர்னி. இங்க சிந்தும்..."

"சிந்தினா கழுவிக்கலாம். சாவி."

"டிக்கி பூட்டு சரியில்ல..."

அவள் அவன் கையிலிருந்தே சாவியை எடுத்துக்கொண்டாள். பூட்டு சரியாகத்தான் இருந்தது.

டிக்கியை அவன் திறந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. டேங்க்கின் மூடி எங்கோ உருண்டு கிடந்தது. வாய் நிறைய சீட்டுப் பஞ்சும் சோளத் தோலும் நூலும் அடைத்திருந்தன. பெர்னி விரலால் கொஞ்சம் விலக்கினாள். உள்ளே எலிக்குஞ்சுகள், கண் திறக்காமல், சிவப்பாக, ஒன்றின்மேல் ஒன்று நெளிந்துகொண்டிருந்தன. அவள் டேங்க்கின் மேல் கையை வைத்துத் தேய்த்தாள். உள்ளங்கையில் காய்ந்த தூசு ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடம் எண்ணெயோடு கிடந்தவளுக்கு, எண்ணெய் படாத தூசு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஹார்லன் பக்கத்தில் நின்றான். அவளுடைய முதுகுதான் தெரிந்தது. அது அசையவில்லை. பிறகு அவள் திரும்பினாள். பார்த்தது அவனை அல்ல, ஷேனை. ஷேன் சரளைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதில் அவளுக்கு மிச்சமும் தெரிந்துவிட்டது.

பின்னால் டெல்பர்ட் எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். பெர்னி டிக்கியை அறைந்து மூடினாள்.

"நிறைஞ்சிருக்கு!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "வாய் வரைக்கும் இருக்கு, ஒரு சொட்டு இறங்காது. பின் சீட்டுல ஏத்துங்க. மூடியெல்லாம் இறுக்கிப் போடுங்க, சிந்தினா வண்டி நாறிடும்." ஹார்லனிடம் குரலை இறக்கினாள். "நீ உள்ள வா."

சமையலறையில் கூடை கூடையாக மீன் காத்திருந்தது. அவள் ஒரு கூடையை எண்ணெயில் இறக்கினாள். அவன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மாவு மூட்டை பக்கத்தில் நின்றான்.

"எப்பலேர்ந்து?"

"போன வருஷம். பிப்ரவரி."

அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஷேனுக்கு அடிபட்டது ஈஸ்டருக்கு அடுத்த வாரம்."

"ஆமா."

"அன்னைக்கு உன் வண்டில என்ன ஓடுச்சு?"

பிப்ரவரியில் நிறுத்தினேன், நடுவில் கொஞ்ச நாள் மறுபடி ஊற்றினேன் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? அந்த ஒரு வாரத்தை அவளுக்குக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் அதையும் வாழ்நாள் முழுக்கக் காப்பாற்ற வேண்டும்.

"டீசல்," என்றான்.

"என் எண்ணெய் எங்க இருந்துச்சு?"

"கொட்டகையில."

"எரியவே இல்ல."

"இல்ல பெர்னி."

அவள் கூடையைத் தூக்கி உதறினாள். எண்ணெய் சொட்டு சொட்டாக விழுந்தது. கதவருகில் ஷேன் தட்டுகளோடு வந்து நின்றிருந்தான்.

"அப்போ சும்மாவேதான் திரும்பி வந்திருக்கான்," என்றாள்.

சுமை இறங்கிச் சொன்னாளா, உடைந்து சொன்னாளா என்று ஹார்லனுக்குப் புரியவில்லை. ஷேனுக்கும் புரியவில்லை போலிருந்தது. தட்டுகளை வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றான். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள், வேலை செய்கிற இடத்தில் இடம் கொடுப்பதுபோல. அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்குப் பங்க்ல உன்கிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றான் ஹார்லன்.

"சொன்னதுல என்ன இருக்கு? உனக்கு வாய் ஓயாது, ஊருக்கே தெரியும். நான்தான் நம்பிட்டேன்." முட்டைக்கோஸை அள்ளித் தட்டில் போட்டாள், ரை ரொட்டியை ஓரத்தில் செருகினாள். "தலையணை உறை வாங்கணும்னா ஞாயித்துக்கிழமை சந்தையில போய் நிப்பேன். பருத்தியாத்தான் இருக்கணும், மத்தது வடிகட்டாதுன்னு நீதான் சொன்னே."

"வெளிய போய் இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"உண்மைய."

"வாய மூடு." முதல் தடவையாக அவனைப் பார்த்தாள். "லவோன் பறவைக்கு வைக்கிறத எடுத்துட்டு வந்திருக்கா. அந்த டெல்பர்ட் கஞ்சன், அவன் யாருக்காவது எதையாவது குடுத்து நீ பார்த்திருக்கியா? இவங்க எல்லாரும் இன்னைக்கு ராத்திரி நல்லா தூங்குவாங்க. உன் மனசு லேசாகணும்னு அவங்கள நான் முட்டாளாக்கணுமா? நான் ஒருத்தி ஆனது பத்தாதா?"

ஹார்லன் கதவுப் பக்கம் எடுத்துவைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் வா," என்றாள். "எல்லா வெள்ளிக்கிழமையும் வா. பின்வாசல் வேண்டாம், முன்னால வந்து நில்லு. குடுக்கிறத வாங்கிக்கோ, நன்றி சொல்லு. கொண்டுபோய் என்ன பண்ணுவியோ, அது எனக்குத் தெரிய வேண்டாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஷேன், ஏழாம் மேசைக்கு மூணு தட்டு. வழிய விடு ஹார்லன், ஆறுது."

அவன் வழியை விட்டான். ஷேன் ஒரு தட்டைக் கையிலும் இரண்டைக் கொக்கியும் முழங்கையுமாகத் தாங்கிக்கொண்டு அவனைக் கடந்து போனான். தன் செவ்வாய்க்கிழமைகள் இனி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பான்.

வெளியே வண்டியின் பின்பக்கம் பாரத்தில் அமுங்கியிருந்தது. சீட்டிலும் தரையிலும் ஜாடிகள். லவோன் தன் காபி டப்பாவை முன் சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டிருந்தாள். டெல்பர்ட் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கிளப்புய்யா! எங்க எண்ணெய் எப்படி ஓடுதுன்னு பார்ப்போம்!"

"உங்க எண்ணெய் இன்னும் உள்ள போகல," என்றான் ஹார்லன்.

"போகும்ல?"

"போகும்," என்றான்.

சாவியைத் திருப்பினான். பழைய வண்டி ஒரே தடவையில் கிளம்பியது. கை தட்டினார்கள். அவன் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டினான். அவர்கள் ஆட்டுவதை நிறுத்தாததால் அவனும் நிறுத்தவில்லை. திடலைத் தாண்டும்வரை ஆட்டிக்கொண்டே போனான்.

டெல்பர்டின் பண்ணை அதே வழியில்தான் இருந்தது. கிழவர் தன் பிக்கப்பில் மெதுவாகப் பின்னாலேயே வந்தார். ஹார்லன் கண்ணாடியில் பார்த்தால் அங்கே கை அசைத்தார். ஜாடிகளை எங்காவது இறக்கிவிடலாம் என்றால் வளைவில் நிறுத்த முடியவில்லை, பாலத்தில் நிறுத்த முடியவில்லை. சரளைச் சாலைக்குத் திரும்பியதும் ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்து ஓயாமல் சத்தம் போட்டன. ஒவ்வொரு பள்ளத்திலும் லவோனின் டப்பா பெல்ட்டிலிருந்து நழுவப் பார்த்தது. பேக்கன் வாசம் வண்டி முழுக்க ஏறிவிட்டது. ஹார்லன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்த டப்பாவைச் சிந்தாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.